முதலில் சம்சாரம், பிறகு கேமரா

வியாழக்கிழமை காலை நாகர்கோவிலில் ஏறிய பாசஞ்சர் வண்டி எட்டு மணி தாண்டித் திருவனந்தபுரத்தில் இறக்கிவிட்டது. தூரம் எழுபத்தோரு கிலோமீட்டர், கட்டணம் இருபது ரூபாய். இரணியலில் பத்து நிமிடம், குழித்துறையில் ஏழு நிமிடம் காரணமில்லாமல் நின்றது. பாறசாலை வந்ததும் பெயர்ப்பலகையில் முதல் வரி மலையாளமாகிவிடுகிறது, தேநீர் சாயாவாகிறது. மழை வருமோ, கேமராப் பை நனையுமோ என்ற கவலை மட்டும் எல்லை தாண்டியும் மாறவில்லை.

எனக்கு எழுபத்து மூன்று வயது. சாத்தூரில் கூட்டுறவு வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். நான்கு வருடங்களுக்கு முன் கேமரா வாங்கினேன். இதுவரை எடுத்த படங்கள் பதினோராயிரத்துச் சொச்சம். கோயில், பாலம், ரயில் நிலையம், தீப்பெட்டி ஆலைச் சுவர், எல்லாம் உண்டு. மனிதர்கள் மட்டும் இல்லை. இருந்தாலும் முதுகைக் காட்டிக்கொண்டு போவார்கள். "உங்க படத்தப் பாத்தா ஊரெல்லாம் ஊரடங்கு போட்ட மாதிரி இருக்கு" என்று என் மனைவி பகவதி சொல்வாள். அவள் நாகர்கோவில்காரி. நான் திருவனந்தபுரத்துக்குக் கிளம்பியபோது அவளும் நாகர்கோவில் வரை கூட வந்து, அங்கே வடசேரியில் தங்கை வீட்டில் தங்கிக்கொண்டாள்.

மனிதர்களைப் படமெடுக்கக் கற்றுக்கொடுக்கும் மூன்று நாள் பயிற்சிக்காகத்தான் இந்தப் பயணம். கட்டணம் ஆறாயிரத்து ஐந்நூறு. ரயில் நிலையத்தை அடுத்த தம்பானூரில் அறை வாடகை எண்ணூறு. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, மின்விசிறி தலைக்கு நேர் மேலே ஆடியது. கட்டிலை நகர்த்திப் போட்டுவிட்டுக் கோட்டைப் பக்கம் நடந்தேன்.

வகுப்பு ஒரு பழைய வீட்டின் மாடியில். மாணவர்கள் ஒன்பது பேர். எனக்கு அடுத்த மூத்தவருக்கு நாற்பத்தொன்று. முதல் இரண்டு நாள் கற்பிப்பவர் ஷைலஜா. இருபது வருடம் பத்திரிகைகளுக்குப் படமெடுத்தவர். மீன்விற்கும் பெண்களைப் பற்றிய அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்கள் டெல்லி வரைக்கும் போய்ச் சுவரேறியவை. வந்ததும் அவர் செய்த முதல் காரியம், என் லென்ஸை வாங்கி, ஸூம் வளையத்தை முப்பத்தைந்தில் நிறுத்தி, கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றியதுதான். டேப்பைப் பிரித்தால் பிசின் ஒட்டுமே என்றேன்.

"ஒட்டட்டே சாரே. தூரத்துல நின்னு ஆளைப் பிடிக்கிறது போலீஸ் வேலை. முகம் பெரிசா வேணும்னா நடந்து போகணும்."

பிறகு இரண்டு விதிகள் சொன்னார். படமெடுத்ததும் அதை அந்த ஆளிடமே காட்ட வேண்டும். பார்த்துவிட்டு அவர் "இதுல எனக்கு ஒரு காப்பி வேணும்" என்று தாமாகப் பிரதி கேட்டால்தான் படம் தேறியது. இது முதல் விதி. இரண்டாவது, சனிக்கிழமை போனக்காடு தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் மாணவர்களுக்கு ஆறு இடம்தான். வெள்ளி மதியத்துக்குள் ஒரு படமாவது தேறியவர்களுக்கு அந்த இடம். மற்றவர்கள் மாடியில் உட்கார்ந்து கணினியில் பழைய படங்களைத் திருத்தலாம்.

போனக்காட்டில் வகுப்பெடுக்க இருந்தவர் வர்கீஸ். முகங்களை எடுப்பதில் கேரளத்தில் அவர் பெயர் பெரிது. அவரிடம் ஒரு நாளாவது கற்க வேண்டும் என்றுதான் நான் பணமே கட்டியிருந்தேன். அதனால் அந்த ஆறு இடத்தில் ஒன்று எனக்குக் கிடைத்தாக வேண்டும்.

சாலைக் கடைத்தெருவில் அன்று முழுக்க அலைந்தேன். பெயர்தான் சாலை; இரண்டு லாரி எதிரெதிரே வந்தால் நாம் கடைக்குள் ஏறிக்கொள்ள வேண்டும். தானியம், துணி, இரும்புச் சாமான், வாழைக்குலை, பாத்திரம் எல்லாம் மொத்த வியாபாரம். காதில் விழுவதில் பாதி தமிழ். முப்பத்தைந்தில் ஒட்டிய லென்ஸோடு ஆளிடமிருந்து நாலடி தூரத்துக்குப் போனால்தான் முகம் நிறைகிறது. நாலடியில் நான் போய் நின்றதும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். இருபத்தாறு பேரை எடுத்தேன். இருபத்தாறு பேரிடமும் காட்டினேன். ஒருவர்கூடக் காப்பி கேட்கவில்லை. பருப்பு மொத்தக் கடை வைத்திருக்கும் ஆறுமுகம் என்பவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்ன சாரே இது, ஸ்டேஷன்ல பிடிச்சு வெச்ச ஆளு மாதிரி இருக்கேன். இதக் களைஞ்சிருங்க. என் பொண்டாட்டி பாத்தா ஜாமீன் எடுக்க வந்துருவா."

மாலையில் ஷைலஜா ஒவ்வொருவர் படமாகப் பார்த்தார். நான்கு பேருக்கு ஏற்கெனவே தேறியிருந்தது. என் முறை வந்தபோது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தள்ளிப் பார்த்துவிட்டு, எனக்காகத் தமிழில் பேச முயன்றார். தமிழ்ச் சினிமா பார்த்துக் கற்ற தமிழ்.

"வெளிச்சம் கொள்ளாம். ஃபோகஸ் கொள்ளாம். பட்சே சாரோட படத்துல சம்சாரம் இல்லல்லோ."

"இல்லை மேடம்" என்றேன்.

"அதான் பிரச்சினை. சம்சாரம் இல்லாம சார் ஒற்றைக்குப் போய் முன்னால நின்னா யாரானாலும் பயப்படும். நாளை ஆத்யம் சம்சாரம். பின்னே மதி கேமரா."

கொள்ளாம் என்றால் பரவாயில்லை, ஆத்யம் என்றால் முதலில், மதி என்றால் போதும் என்பதெல்லாம் எனக்குப் புரிந்தது. மற்றதற்கு அர்த்தம் கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அறைக்கு நடக்கும்போது யோசித்தேன். அறிமுகமில்லாத கிழவன் ஒருவன் தனியாகக் கேமராவோடு சுற்றினால் சந்தேகம் வரத்தானே செய்யும். கூட ஒரு பெண்பிள்ளை இருந்தால் குடும்பஸ்தன் என்று மதிப்பார்கள். அனுபவசாலி சொன்னால் காரணமில்லாமல் இருக்காது. பகவதிக்குத் தொலைபேசினேன்.

"வாத்தியாரம்மா உன்னைக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க."

"என்னத்த செஞ்சு வச்சிய? பள்ளிக்கூடத்துலதான் அப்பனையும் ஆத்தாளையும் கூட்டிட்டு வரச் சொல்லுவாவ. இந்த வயசுல பொண்டாட்டியக் கூப்பிடுத அளவுக்கு யாருகிட்ட வம்பு பண்ணுனிய?"

"வம்பெல்லாம் ஒன்றுமில்லை. நீ வந்தால்தான் எனக்கு ஜீப்பில் இடம்."

"சாலையில பருப்பு மலிவாம்லா" என்று பக்கத்தில் இருந்த தங்கையிடம் சொல்வது கேட்டது. வருகிறாள் என்று புரிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை அதே பாசஞ்சரில் வந்து இறங்கினாள். கையில் மூன்று காலிப் பைகள். ஒன்பது மணிக்குக் கிழக்கேகோட்டையில் எல்லோரும் கூடியிருந்த இடத்துக்கு அவளை அழைத்துக்கொண்டு போய் ஷைலஜாவின் முன் நிறுத்தினேன்.

"மேடம், நீங்கள் சொன்னபடி சம்சாரத்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்."

ஷைலஜா என்னைப் பார்த்தார், பகவதியைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பகவதிதான் என் பக்கம் திரும்பினாள்.

"அவுங்க என்ன சொன்னாவ? சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லுங்க பாப்போம்."

சொன்னேன். சம்சாரம் இல்லாத படம், ஆத்யம் சம்சாரம், பின்னே மதி கேமரா. முடிப்பதற்குள் அவள் பக்கத்திலிருந்த பெட்டிக்கடைப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"ஏங்க, இங்கன சம்சாரம்னா பேச்சு. ஆளுகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுப் படம் எடுங்கன்னு சொல்லியிருக்காவ."

ஷைலஜாவுக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் சிரித்த சிரிப்பில் அவரே தோளிலிருந்த கேமராவைக் கழற்றிப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுக்க வேண்டியதாயிற்று. எட்டு மாணவர்களுக்கும் மலையாளத்தில் விளக்கினார். எட்டுப் பேரும் பகவதியைக் கைகூப்பி வணங்கினார்கள். திரும்பிப் போய் ஊர் வண்டியில் ஏறிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்றுகூட யோசித்துவிட்டேன்.

"அம்மா வந்தது நல்லதாச்சு. இன்னிக்கு ரெண்டு சம்சாரமும் இருக்கட்டே" என்றார் ஷைலஜா.

ஆறுமுகத்தின் கடைக்குத்தான் முதலில் போனோம். என்னைக் கண்டதும் அவர் முகம் நேற்றைய நிலைக்குப் போனது. பகவதி என்னைக் கவனிக்கவே இல்லை. துவரம் பருப்பில் கைவிட்டு அள்ளி, உள்ளங்கையில் பரப்பி ஊதினாள்.

"என்ன விலை அண்ணாச்சி?"

சொன்னார்.

"வடசேரியில இதைவிட அஞ்சு ரூவா கொறச்சல். அங்கன வாங்கியிருந்தா எனக்கு வண்டிக் கூலியாவது மிச்சம்."

"அப்பறம் எதுக்கு அக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"இந்த மனுசனுக்குப் பேசத் தெரியாதுன்னு வாத்தியாரம்மா ஆளனுப்பிக் கூப்பிட்டாவ."

ஆறுமுகம் என்னைப் பார்த்தார். "நேத்தும் பேசலை. நேரா வந்தாரு, ஒரு கண்ண மூடிட்டாரு. எனக்கு ஊசி போட வர்றாப்புல இருந்துச்சு."

"வீட்டுலயும் அப்படித்தான். ஒங்களுக்குச் சொந்த ஊரு எது?"

"தாத்தா களக்காடு. நாங்க மூணு தலைமுறையா இவிடத்தன்னெ. பிள்ளைங்க தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கும், அவ்ளோதான். அம்மாவைத் திட்டணும்னா மட்டும் மலையாளம்."

"அது எதுக்கு?"

"அவளுக்கு அது அவ்வளவா பிடிகிட்டாதே, பாதி புரியாது."

அவள் சிரித்தாள். அவரும் தராசுத் தட்டில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். கடைக்குள் இருட்டு, வாசல் வெளிச்சம் பக்கவாட்டில் அவர் கன்னத்தில் விழுந்தது. லென்ஸ் திறப்பு நான்கு, வேகம் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு. நாலடியில் நான் நிற்பதை அவர் மறந்திருந்தார். ஒரே ஒரு படம் எடுத்துவிட்டுக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"எங்க அப்பா இப்படித்தான் நிப்பாரு" என்றார். "சாரே, இதுல எனக்கு ஒரு காப்பி வேணும்."

அன்று மதியத்துக்குள் இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். பகவதி மூன்று கிலோ பருப்பும் ஒரு கிலோ மல்லியும் வாங்கினாள். கிலோவுக்கு ஐந்து ரூபாயும் குறைத்துவிட்டாள்.

ஷைலஜா படங்களைப் பார்த்துவிட்டு, ஜீப்பில் ஆறாவது இடம் எனக்கு என்றார். உடனே விரலை உயர்த்தினார். "ஒரு காரியம். இது அம்மாவோட சம்சாரம், சாரோட கிளிக். போனக்காட்டுக்கு அம்மா வரமாட்டாங்க. அங்க முழுசும் சாரே செய்யணும். இல்லைன்னா வர்கீஸ் சார் உங்க படத்தப் பார்க்கவே மாட்டார்."

மாலை வண்டியில் பகவதியை ஏற்றிவிடும்போது, நாளைக்கு என்ன பேசுவது என்று கேட்டேன். "விலையக் கேளுங்க" என்றாள். தேயிலைத் தோட்டத்தில் யாரிடம் எதன் விலையைக் கேட்பது என்று அவள் சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஜீப் புறப்பட்டது. நெடுமங்காட்டில் சாயா, பன்னிரண்டு ரூபாய். விதுரா கடைத்தெருவில் புட்டும் கடலையும். விதுராவுக்கு மேல் சாலை குறுகி, வனத்துறைச் சோதனைச் சாவடி தாண்டியதும் சாலை என்ற பெயரையே விட்டுவிடுகிறது. முன்னிருக்கையில் வர்கீஸ் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். வழி முழுக்க அவர் பேசியது ஒரே வாக்கியம்: "மேகம் கூடியிருக்கு, நல்ல நாள்." நானோ அந்த மேகத்தைப் பார்த்துக் கேமராவுக்கு இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டேன்.

போனக்காடு நகரத்திலிருந்து அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். தேயிலைச் செடிகள் பல இடங்களில் ஆள் உயரம் வளர்ந்து நிற்கின்றன. இறங்கி நடந்த பத்து நிமிடத்தில் என் காலில் ஐந்து அட்டைகள். உப்புத்தூள் தடவிய வர்கீஸின் காலில் ஒன்றுமில்லை. அதையும் அவர் சொல்லவில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பை இங்கே லயம் என்கிறார்கள். ஒரே நீளக் கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். பெரும்பாலானவை பூட்டிக் கிடந்தன. இருப்பவர்கள் பேசுவது தமிழ். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து ஏறி வந்தவர்கள்.

"ஆளுக்கு ஒரு லயம்" என்று வர்கீஸ் பிரித்துவிட்டார். எனக்குக் கிடைத்த வரிசையில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாள் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வர்கீஸ் என் பின்னாலேயே வந்து, எட்டத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து பால் விடாத கட்டன் சாயாவைக் குடிக்கத் தொடங்கினார்.

நான் நின்றேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். விலை கேட்க அங்கே ஒன்றும் இல்லை. வாயில் வந்ததைக் கேட்டேன்.

"இந்த வரிசையில் பன்னிரண்டு வீடு இருக்கிறது இல்லையா?"

"ஆமா."

"எத்தனை வீட்டில் ஆள் இருக்கிறார்கள்?"

"நாலு."

"ஐந்து கதவு திறந்திருக்கிறதே."

"அஞ்சாவது கோழிக்கு விட்டிருக்கு" என்றார். பிறகு கத்தியைக் கீழே வைத்தார். "நீங்க எண்ண வந்த ஆளா? மேல்கூரைய எண்ணிட்டுப் போனவங்க யாரும் திரும்ப வரலை."

"இல்லையம்மா. எனக்கு அது பழக்கம். கோழி எத்தனை?"

"நேத்து ஒன்பது. இன்னிக்கு நீங்கதான் எண்ணிச் சொல்லணும்."

எண்ணினேன். எட்டு. அவர் எழுந்துவிட்டார். இருவரும் சேர்ந்து ஒன்பதாவதைத் தேடினோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தது. திரும்பி வருவதற்குள் அவர் பெயர் பாக்கியம் என்பதும், மகள் சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை செய்வதும், பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது. என் மனைவி பருப்பு வாங்கிய கதை அவருக்குத் தெரிந்துவிட்டது. கோழியை அணைத்துக்கொண்டு அவர் சிரித்தபோது ஒரு படம் எடுத்தேன். இதுதான் என்று நினைத்துக் காட்டினேன்.

"கொள்ளாம். கோழி நல்லா இருக்கு" என்று கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"உங்களுக்கு ஒரு..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன். நாமாகக் கேட்கக் கூடாது. எட்டத்தில் வர்கீஸ் கோப்பையைக் கவிழ்த்துச் சொட்டைத் தட்டினார்.

பாக்கியம் கோழியை இறக்கிவிட்டுச் சொன்னார். "முகம் எதுக்கு? எம் முகம் மகளுக்குத் தெரியும். அவ பிள்ளைங்க இங்க ஏறி வந்ததே இல்ல. அம்மாச்சி வீடு எதுன்னு கேக்குதுங்க. வாசலும் நம்பரும் தெரியுற மாதிரி ஒண்ணு எடுப்பீங்களா? இருங்க, வர்றேன்."

பக்கத்து வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவர், மாம்பழ நிறச் சேலையில் வந்தார். தம் வீட்டு ஏழாம் எண் கதவுக்கு முன்னால் இரண்டு கையையும் தொங்கவிட்டு, மூச்சைப் பிடித்து, ரேஷன் அட்டைக்கு நிற்பது போல் நின்றார். எனக்கு எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

வர்கீஸ் எழுந்து வந்தார். என் கேமராவைத் தொடவில்லை. அந்த அம்மாளை மட்டும் நிலைப்படிக்கு உள்ளே ஒரு எட்டு வைக்கச் சொன்னார். மேகத்தின் வெள்ளை வெளிச்சம் அவர் மேல் மட்டும் விழுந்தது; பின்னால் வீடு இருட்டானது. எண் பலகை தெளிவாக நின்றது. "சாரே, இனி சம்சாரிக்கணும்" என்று என் காதில் சொல்லிவிட்டு விலகினார்.

"ஐந்தாவது வீட்டுக்காரர்கள் வாடகை ஒழுங்காகக் கொடுக்கிறார்களா?" என்று கேட்டேன்.

"எங்க குடுக்குது? மாசத்துல பத்து நாளு முட்டை. கேட்டா எம் மேலயே பாயுது" என்று கையை நிலையில் ஊன்றினார். அப்போது எடுத்தேன்.

பார்த்ததும் அவர் படத்தில் கதவை, எண்ணை, திண்டில் கிடந்த வெங்காயத்தோலை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். "இது எனக்கு வேணும். போன்ல வேணாம், இங்க ரேஞ்ச் கிடையாது. கடலாசுல, கையில பிடிக்கிற மாதிரி வேணும். அவ வர்றப்ப குடுத்து விடணும்."

அவருடைய அந்தப் பேச்சை வர்கீஸ் கேட்டுக்கொண்டிருந்தார். ஜீப்பில் ஏறியபின் என் கேமராவை வாங்கி அந்தப் படத்தைப் பார்த்தார். "வெங்காயத்தோல் இருக்கட்டும், வெட்ட வேண்டாம்" என்றார். எனக்குக் கிடைத்த வகுப்பு அவ்வளவுதான். ஆறாயிரத்து ஐந்நூறுக்கு அது கட்டுபடியாகும்.

ஐந்து மணிக்கு விதுராவில் இறங்கினோம். பேருந்து நிற்குமிடத்துக்கு எதிரே கல்யாணப் படங்கள் எடுக்கும் ஒரு ஸ்டுடியோ திறந்திருந்தது. ஐந்துக்கு ஏழு அளவில் ஒரு படம், அறுபது ரூபாய். காயட்டும் என்று ஐந்து நிமிடம் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். போனக்காடு போகும் அன்றைய கடைசிப் பேருந்து அதற்குள் உறுமத் தொடங்கியிருந்தது. கண்டக்டர் ஒரு பெண். படத்தை உறையோடு நீட்டி, லயத்தின் அடையாளத்தைச் சொல்லத் தொடங்கினேன். அவர் உறையிலிருந்து படத்தை உருவிவிட்டார்.

"இது நம்ம பாக்கியம் அக்கயல்லே" என்று பின்னிருக்கைக்குக் கொடுத்தார்.

ஓரத்தைப் பிடியுங்கள், மேலே விரல் பட்டால் தடம் விழும் என்று ஜன்னல் வழியாகச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. படம் கைமாறிக் கைமாறிப் பின்னால் போனது. ஒருவர் கதவுக்கு வண்ணம் அடிக்க வேண்டும் என்றார். ஒருவர் பாக்கியம் இளைத்துவிட்டதாகச் சொன்னார். நான்காவது வரிசையில் மீன் பையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் படத்தை வாங்கி, விளக்குக்கு நேரே பிடித்தார்.

"இது என் சேலையாக்கும்" என்றார்.

பேருந்தில் எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"நான் சந்தைக்கு இறங்கின நேரம் பாத்து உடுத்தியிருக்கா. கல்யாணத்துக்கு வெச்சிருந்தது. நான் இன்னும் ஒருக்காகூட உடுத்தலை."

"உங்களுக்கு முன்னாடி போட்டோவுல ஏறிருச்சு" என்றார் ஓட்டுநர்.

கண்டக்டர் கையை நீட்டினார். "தாங்க சேச்சி, நான் கொடுத்துக்கறேன்."

"வேணாம், நானே குடுக்கேன்" என்று அந்த அம்மாள் படத்தை மீன் பையில் படாமல் மடியில் வைத்துக்கொண்டார். "நேர்ல கேக்க வேண்டியது இருக்கு."

மணி அடித்தது. பேருந்து மலைப் பக்கம் திரும்பும்வரை உள்ளே சிரிப்புக் கேட்டது.

சாத்தூரில் நான் ஒரு பொருளை அனுப்பினால் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடுதான் அனுப்புவேன். அட்டை திரும்பி வரும்வரை நாள்தோறும் தபால்காரரை நிறுத்திக் கேட்பேன். அவர் இப்போதெல்லாம் என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார். இந்தப் படத்துக்கு முகவரியும் எழுதவில்லை, ரசீதும் வாங்கவில்லை. போய்ச் சேர்ந்ததா என்று பகவதி கேட்கிறாள். மழை நாள், மீன் பை, நாற்பது பேர் கை பட்டது, எல்லாம் உண்மைதான். ஆனாலும் போய்ச் சேர்ந்திருக்கும். அன்று இரவு ஏழாம் எண் வாசலில் அந்தப் படத்தை நீட்டிக்கொண்டு நின்ற சேலைச் சொந்தக்காரர் கேட்ட முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியும்.